தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? பதின்ம வயதினரின் ஆபத்தான முடிவுகளும் மூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபத்து என்று தெரியாமல்தானே செய்கிறார்கள்?

இல்லை, பெரும்பாலும் தெரிந்தேதான் செய்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் ஒரே பைக்கில் மூன்று பேர் போனால் என்ன ஆகும் என்று 16 வயதுப் பையனை வகுப்பறையில் கேளுங்கள், சரியாகவே சொல்வான். ஆபத்தைக் குறைத்து எடைபோடுவதைவிடக் கூட்டி எடைபோடுவதுதான் இந்த வயதில் அதிகம் என்று வலேரி ரெய்னாவும் ஃபிராங்க் ஃபார்லியும் 2006-இல் வெளியிட்ட மீளாய்வு காட்டியது. "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நினைப்புதான் காரணம் என்ற பழைய விளக்கத்துக்கு அதில் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கின் குழுவினர் இந்தியா உட்பட 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையுள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் 16 வயதளவில் பெரியவர்களின் மட்டத்தை எட்டிவிடுகிறது. தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் திறன் இருபதுகளின் நடுப்பகுதி வரை மெல்ல ஏறுகிறது. பரபரப்பைத் தேடும் ஆசையோ 19 வயதையொட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குகிறது. நாட்டுக்கு நாடு அளவு மாறினாலும் இந்த வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே இந்த வயதில் குறைவது அறிவு அல்ல. அந்த அறிவு எந்தச் சூழலில் கைகொடுக்கிறது, எந்தச் சூழலில் கைவிடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூளைக்குள் அப்போது என்ன நடக்கிறது?

இரண்டு பகுதிகளைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்கள். மூளையின் ஆழத்தில் இருக்கும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் ஒன்று. அதன் முக்கியப் பாகம் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ். பணம், பாராட்டு, ருசி என்று ஏதாவது கிடைக்கப்போகிறது என்றால் டோபமைன் என்ற மூளை இரசாயனம் வழியாக அது தூண்டப்படும். இன்னொன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. திட்டமிடுவது, கையை நிறுத்துவது, பின்விளைவை மனத்தில் வைத்துக்கொள்வது எல்லாம் அதன் வேலை.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் 8 முதல் 27 வயது வரையுள்ள 299 பேரைத் தொடர்ந்து ஸ்கேன் செய்து 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். பணம் வெல்லும்போது அக்கம்பென்ஸ் காட்டும் துடிப்பு பதின்ம வயதில் உச்சத்தில் இருந்தது. டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் அளவோடும் அதற்குத் தொடர்பு தெரிந்தது. குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் துடிப்பு அதைவிடக் குறைவு.

முன்மூளைப் புறணியின் கதை வேறு. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஜே கீட் குழு 1999-இல் காட்டியபடி, அங்குள்ள சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் செறிந்த பகுதி) பெண் குழந்தைகளிடம் சுமார் 11 வயதிலும் ஆண் குழந்தைகளிடம் சுமார் 12 வயதிலும் அதிகபட்ச அளவைத் தொட்டு, அதற்குப் பிறகு மெலிகிறது. மெலிவது என்றதும் பயப்பட வேண்டாம். பயன்படாத நரம்பிணைப்புகள் கழிக்கப்படுகின்றன, மிஞ்சும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை ஏறுகிறது, செய்தி வேகமாகப் பாய்கிறது. ஆழ்பகுதி முந்திச் சூடாக, முன்பகுதி நிதானமாகச் செம்மைப்படுவதால் இடையில் சில ஆண்டுகள் இரண்டும் ஈடுகட்டாமல் கிடக்கின்றன. இதுதான் 2008-இல் ஸ்டைன்பெர்க்கும் பி. ஜே. கேஸியும் தனித்தனியே முன்வைத்த "இரட்டை அமைப்பு" விளக்கத்தின் சாரம்.

ஆக்சிலரேட்டர் இருக்கிறது, பிரேக் இன்னும் பொருத்தவில்லை என்று சொல்கிறார்களே?

பயிலரங்குகளில் கைதட்டல் வாங்கும் உவமை. பாதிதான் சரி. பிரேக் வளராததுதான் காரணம் என்றால் எட்டு வயதுக் குழந்தைதான் எல்லோரையும்விட ஆபத்தானதைச் செய்ய வேண்டும், அதன் பிரேக் இன்னும் பலவீனமானது. ஆய்வகத்தில் இதைச் சோதித்தும் இருக்கிறார்கள். ஐவி டீஃபோ குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்ட அலசலில், பதின்ம வயதினர் பெரியவர்களைவிட அதிகம் துணிந்தார்கள், ஆனால் குழந்தைகளைவிட அதிகம் துணியவில்லை.

பிறகு ஏன் சாலையில் சிக்குவது 17 வயதுக்காரர்? எட்டு வயதுக் குழந்தையின் கையில் வண்டிச் சாவி கிடையாது, செலவுக்குப் பணம் கிடையாது, இரவு பத்து மணிக்கு வெளியே இருக்கும் சுதந்திரமும் கிடையாது. வாய்ப்பு என்பதும் இந்தக் கணக்கில் ஒரு பாதி. மூளைப் படங்களைப் பார்க்கும் ஆர்வத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு குறை: பிரேக் எப்போதும் பழுதாகவே இருக்கிறது என்று இந்த உவமை நினைக்கவைக்கிறது. அமைதியான நேரத்தில் அது நன்றாகவே பிடிக்கிறது.

துணிச்சலை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்?

மூன்று சோதனைகளைத் தெரிந்துகொண்டால் செய்திகளில் வரும் பாதி ஆய்வுகள் புரிந்துவிடும்.

முதலாவது பலூன் சோதனை, 2002-இல் வந்தது. திரையில் ஒரு பலூன். ஒவ்வொரு முறை காற்றடிக்கும்போதும் சிறு தொகை சேரும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம், வெடித்துவிட்டால் அந்தப் பலூனின் பணம் போச்சு. எத்தனையாவது அடிக்கு வெடிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வெடிக்காத பலூன்களில் சராசரியாக எத்தனை முறை அடித்தார் என்பதுதான் மதிப்பெண். இதில் ஒரு சிக்கல் உண்டு. மிகவும் தயங்குகிறவர் சம்பாதிப்பதும் குறைவு. ஆகவே அதிக மதிப்பெண் என்றால் முட்டாள்தனம் என்று அர்த்தமில்லை.

இரண்டாவது கொலம்பியா சீட்டுச் சோதனை. 32 சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், சில லாபம், சில நஷ்டம். இதற்கு இரண்டு வடிவங்கள். "சூடான" வடிவத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, உடனே முடிவைப் பார்த்து, அடுத்ததைத் திறப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். "குளிர்ந்த" வடிவத்தில் எத்தனை சீட்டு திறப்பேன் என்று முன்கூட்டியே ஒரு எண் சொல்லிவிட வேண்டும், இடையில் எதையும் காட்ட மாட்டார்கள். பெர்ன்ட் ஃபிக்னர் குழுவினரின் 2009 ஆய்வில் பதின்ம வயதினர் பெரியவர்களைவிட அதிகம் துணிந்தது சூடான வடிவத்தில் மட்டும்தான். குளிர்ந்த வடிவத்தில் வேறுபாடு இல்லை. அதே சீட்டு, அதே பணம், அதே வயது. இந்தத் துறையில் ஒரே ஒரு முடிவை நினைவில் வைக்க வேண்டுமென்றால் நாம் இதைத்தான் சொல்வோம்.

மூன்றாவது சிக்னல் விளையாட்டு. திரையில் கார் ஓட்டிப்போகும்போது சந்திப்புகளில் மஞ்சள் விளக்கு விழும். நிறுத்தினால் கொஞ்ச நேரம் வீண். நிறுத்தாமல் பாய்ந்து தப்பினால் நேரம் மிச்சம். மோதிவிட்டால் நிறுத்தியதைவிட அதிக நேரம் வீண்.

நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் ஏன் மாறிவிடுகிறார்கள்?

மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் 306 பேரை மூன்று வயதுக் குழுக்களாகப் பிரித்து ஒரு கார் விளையாட்டு ஆட வைத்தார்கள்: 13–16, 18–22, 24-க்கு மேல். தனியாக ஆடும்போது அவ்வளவு வேறுபாடில்லை. நண்பர்கள் கூட இருந்தபோது இளையவர்களின் துணிச்சல் எகிறியது, 24-க்கு மேற்பட்டவர்களிடம் அசைவில்லை.

2011-இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜேசன் சைன் குழுவினர் சிக்னல் விளையாட்டை ஸ்கேனருக்குள் கொண்டுபோனார்கள். நண்பர்கள் பக்கத்து அறையில் இருந்து திரையில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் ஏற்றிவிட்டதாகவோ கேலி செய்ததாகவோ சொல்ல முடியாது. அப்படியிருந்தும் பதின்ம வயதினரின் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் கூடுதலாகத் தூண்டப்பட்டது, மோதல்களும் அதிகமாயின. பெரியவர்களிடம் இது இல்லை. "கூடாத சகவாசம்" என்று ஒரு பையனைக் குறிவைப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்: நல்ல நண்பன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், பரிசின் ருசி கூடிவிடுகிறது. சுண்டெலிகளிடம்கூட இதைப் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் வந்த ஆய்வில், வளரிளம் சுண்டெலிகள் தனியே இருந்ததைவிடக் கூட்டமாக இருந்தபோது அதிகம் மது குடித்தன, வளர்ந்த சுண்டெலிகள் அப்படிச் செய்யவில்லை. சுண்டெலியிடம் கௌரவப் பிரச்சினை இருக்க வாய்ப்பில்லை.

ஆய்வகத்துக்கு வெளியேயும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2000-இல் வெளியான ஆய்வின்படி, 16 வயது ஓட்டுநர் உயிரிழக்கும் அபாயம் காரில் தனியாகப் போவதோடு ஒப்பிட்டால் ஒரு பயணி இருக்கும்போது 1.39 மடங்கு, இருவர் என்றால் 1.86 மடங்கு, மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் 2.82 மடங்கு. 17 வயதுக்கு முறையே 1.48, 2.58, 3.07. அங்கே பல மாநிலங்கள் புதிதாக உரிமம் பெற்ற இளையவர்களுக்குப் பயணிகள் எண்ணிக்கையிலும் இரவு ஓட்டத்திலும் கட்டுப்பாடு வைத்திருப்பது இதனால்தான்.

நண்பர்கள் நேரில் இல்லாமல் ரீல்ஸ், லைக் மட்டும் இருந்தால்?

அதுவும் போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 13–18 வயதினருக்கு ஸ்கேனருக்குள் இன்ஸ்டாகிராம் போன்ற ஒரு திரையைக் காட்டினார்கள். லைக் எண்ணிக்கையை ஆய்வாளர்களே போட்டிருந்தார்கள். அதிக லைக் விழுந்த படத்துக்கே இவர்களும் லைக் போட்டார்கள், அது மதுவும் சிகரெட்டும் இருக்கும் படமானாலும் சரி. தங்கள் படத்துக்கு லைக் குவிந்ததைப் பார்த்தபோது அக்கம்பென்ஸ் துடித்தது. ஆபத்தான படங்களைப் பார்க்கும்போது கட்டுப்பாட்டுக்குரிய பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. வீலிங் செய்து ரீல்ஸ் போடும் பையனுக்கு ரசிகர் கூட்டம் சட்டைப்பையிலேயே இருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா வகை ஆபத்தையும் ஒரே மாதிரி நாடுகிறார்களா?

இல்லை. 2012-இல் அக்னியேஷ்கா டிமுலா குழுவினர் 12–17 வயதினரையும் 30–50 வயதினரையும் ஒப்பிட்டார்கள். "பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று தெளிவாகச் சொல்லிவிட்ட குலுக்கல்களில் இளையவர்கள் பெரியவர்களைவிடத் தயங்கினார்கள். வாய்ப்பு எவ்வளவு என்பது மறைக்கப்பட்டபோதுதான் துணிந்தார்கள். தெரியாத இடத்துக்குள் கால் வைக்க அவர்களுக்கு அச்சம் குறைவு. புதிதாக ஒன்றைக் கற்க வேண்டிய வயதில் அது தேவையும்கூட: 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வில், பரிசின் மூலம் கற்கும் பணியில் 13–17 வயதினர் பெரியவர்களை முந்தினார்கள்.

நடைமுறையில் இதற்கு ஒரு பயன் உண்டு. "அது ரொம்ப ஆபத்து" என்று மொட்டையாகச் சொன்னால் வாய்ப்பு மறைந்தே இருக்கிறது. "ஏரியில் இந்த மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், அடியில் சேறு, கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவனும் மேலே வர முடியாது" என்றால் தெரியாதது தெரிந்ததாகிறது.

மூளை 25 வயதில்தான் முழுமையாகிறது என்பது உண்மையா?

25 வயதில் அப்படி ஒரு கோடு எதுவும் கிடையாது. வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன, சில நரம்புப் பாதைகளில் மாற்றம் முப்பதுகளிலும் தொடர்கிறது. ஒரே வயதுள்ள இருவருக்கிடையிலான வேறுபாடு, வயதுக் குழுக்களின் சராசரிகளுக்கிடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கலாம். வசதிக்காக ஓர் எண் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், பிறந்தநாளன்று ஏதோ பூட்டு திறப்பதாக நினைக்க வேண்டாம்.

ஸ்கேன் எடுத்தால் என் பிள்ளை ஆபத்தானவனா என்று தெரியுமா?

தெரியாது. அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த ஆய்வுகளில் பயன்படும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் அளப்பது எண்ணத்தை அல்ல, இரத்த ஓட்டத்தில் சில விநாடிகள் தாமதமாக வரும் மாற்றத்தை. அதையும் பலரிடம் எடுத்துச் சராசரி பார்த்தால்தான் ஏதாவது தெரியும். ஒரே ஆளை இருமுறை ஸ்கேன் செய்தால் முடிவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 2020-இல் தொகுத்துப் பார்த்தபோது, 1 என்றால் முழு ஒற்றுமை என்ற அளவுகோலில் சராசரி 0.4 மட்டுமே கிடைத்தது.

வீட்டில் என்ன செய்வது?

அறிவுரை குளிர்ந்த நேரத்தில் ஏறுகிறது, முடிவு சூடான நேரத்தில் எடுக்கப்படுகிறது. ஆகவே முடிவையே முன்னால் இழுத்து, குளிர்ந்த நேரத்தில் எடுக்கவைப்பதுதான் வேலை.

வண்டியிலிருந்து தொடங்குங்கள். சாவி எங்கே தொங்குகிறது என்பது பத்து அறிவுரைக்குச் சமம். 18 வயது நிரம்பி உரிமம் வாங்கியிருந்தாலும் முதல் ஆறு மாதம் பின்னால் நண்பரை ஏற்றுவதில்லை, இரவு ஒன்பதுக்கு மேல் எடுப்பதில்லை என்று இரண்டே விதி போதும். இருபது விதி போட்டால் ஒன்றும் நிற்காது. பின்னிருக்கைக்காரரைத் தவிர்ப்பது ஏன் என்று மேலே உள்ள மடங்குக் கணக்கைக் காட்டுங்கள். "உன் நண்பன் சரியில்லை" என்ற சண்டையே வராது.

அடுத்து, தப்பிக்க ஒரு வழி. கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு "வேண்டாம்" என்று சொல்வதுதான் கடினம். வீட்டுக்கு ஒரு எழுத்து அல்லது ஒரு எமோஜி அனுப்பினால் நீங்கள் உடனே போன் செய்து "பாட்டிக்கு உடம்பு சரியில்லை, கிளம்பி வா" என்று சொல்வதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிவரும்போது வழியில் விசாரணை நடத்தக் கூடாது. இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். அப்பா வண்டியிலேயே ஆரம்பித்துவிடுவார், மறுமுறை அந்த எமோஜி வராது. பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பா பக்கத்தில் இருப்பதே உதவுமா என்றால், ஆம். ஈவா டெல்சர் குழுவினரின் 2015 ஆய்வில், அம்மா பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் சிக்னல் விளையாட்டில் மஞ்சள் விளக்கில் நிறுத்தியது அதிகம். நிறுத்தும்போதே பரிசுக்குத் துடிக்கும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் தூண்டப்பட்டதும் தெரிந்தது. மற்றோர் ஆய்வில் 18–22 வயது இளைஞர் குழுவோடு சற்று மூத்த, 25–30 வயதுள்ள ஒருவரைச் சேர்த்தவுடன் குழுவின் துணிச்சல் தனியாக இருப்பவரின் அளவுக்கு இறங்கியது. சுற்றுலாவுக்கு அத்தை மகனையோ சித்தப்பாவையோ சேர்த்து அனுப்புவது வெறும் காவல் இல்லை.

தண்டித்தால் திருந்துவார்களா?

தண்டனையிலிருந்து கற்பது இந்த வயதில் பலவீனம். 2016-இல் வேறொரு குழு, வேறொரு பணியில் 12–17 வயதினரைப் பெரியவர்களோடு ஒப்பிட்டபோது, பரிசின் மூலம் கற்பதில் இருவரும் சமமாக இருந்தார்கள், தண்டனையைத் தவிர்க்கக் கற்பதில் இளையவர்கள் பின்தங்கினார்கள். எனவே "மாட்டினால் ஒரு மாதம் போன் கிடையாது" என்பதைவிட, "இந்த வாரம் சொன்ன நேரத்துக்கு வந்தால் சனிக்கிழமை கூடுதலாக ஒரு மணி நேரம்" என்பது வேலை செய்ய வாய்ப்பு அதிகம். பரிசு சிறிதாக இருக்கலாம், ஆனால் சீக்கிரம் வர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பைக் வாங்கித் தருவேன் என்பது சீக்கிரம் ஆகாது, வேறு பல காரணங்களாலும் நல்ல யோசனை ஆகாது.

தூக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பூப்புக்குப் பின், தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு தாமதமாவதால் இரவு பத்துக்குத் தூக்கம் வராதது வெறும் சோம்பலல்ல. 13–18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. அதிகாலை டியூஷன், பள்ளி, மாலை டியூஷன், பிறகு போன் என்று ஓடும் நாளில் அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று பெற்றோர் கூட்டிப் பார்க்கலாம். தூக்கம் குறைந்தால் முன்மூளைப் புறணியின் பிடி தளர்கிறது.

சட்டம் இந்த அறிவியலை ஏற்கிறதா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் 18 வயதுக்குட்பட்டு செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்றது. 2010, 2012 தீர்ப்புகளில் மூளை ஆய்வுகளையே நேராகச் சுட்டியது.

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 16–18 வயதினர் கொடுங்குற்ற வழக்கில் சிக்கினால் சிறார் நீதி வாரியம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. குற்றம் செய்யும் உடல், மனத் திறன் இருந்ததா, பின்விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பவை பிரிவு 15-இல் உள்ள கேள்விகள். முதல் இரண்டும் குளிர்ந்த அறையில், மாதக்கணக்கில் கழித்து, தனியே உட்கார வைத்துக் கேட்கப்படுகின்றன. அந்தத் தேர்வில் 16 வயதுக்காரர் எளிதாகத் தேறிவிடுவார். சம்பவ நேரத்தில் நான்கு பேர் சுற்றி நின்றபோது அந்தத் திறன் எங்கே இருந்தது என்பதை அது அளக்காது. மூன்றாவது கேள்விக்கு வாரியங்கள் கூடுதல் எடை தர வேண்டும் என்பது நம் கருத்து.

மோட்டார் வாகனச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவு. 16 வயதில் ஓட்ட அனுமதி 50 சிசிக்கு மிகாத இருசக்கர வண்டிக்கு மட்டும். இன்று தெருவில் ஓடும் பைக்குகள் அதற்கு மேல்தான். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, சிறார் குற்றமிழைத்தால் பாதுகாவலருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும், அந்தச் சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. வாய்ப்பு என்ற பாதியைச் சட்டம் நேராகப் பெற்றோரின் கையில் வைக்கிறது.

எப்போது இதை "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடக் கூடாது?

நண்பர்கள் இல்லாதபோதும் தனியே ஆபத்தைத் தேடினால். தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், சாவைப் பற்றிப் பேசினால். சில வாரங்களுக்குள் தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாம் ஒன்றாகக் குலைந்தால். போதைப்பொருள் வாரத்தில் பல நாளாகிவிட்டால். பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல் அளவுகடந்த உற்சாகத்தோடும் செலவோடும் அலைந்தால். இவை மேலே சொன்ன வளர்ச்சிக் கதையில் அடங்காதவை, மனநல மருத்துவர் பார்க்க வேண்டியவை. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, பெற்றோரும் அழைக்கலாம்.